நாலு போர்ட் இருந்தால் நாலு பங்கு கிடைக்குமா?

கிரிவலத்துக்கென்று ரமணாசிரமம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் காரில் வந்து இறங்குவார்கள். காபிக்கு முன்னால் கேட்பது, "அக்கா, போனுக்குச் சார்ஜ் போட பிளக் எங்கே?" என்றுதான். "சென்னையிலிருந்து வழி நெடுக கார் சார்ஜரில்தானே கிடந்தது!" என்ற அங்கலாய்ப்பு வேறு.

சகோதரிகளே, அந்தச் சார்ஜரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதை, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்துப் பாருங்கள். 'அவுட்புட்' என்ற இடத்தில் வோல்ட், ஆம்பியர் என்று இரண்டு எண்கள் இருக்கும். பெருக்கினால் வாட். 5 வோல்ட், 2.4 ஆம்பியர் என்றால் 12 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட்.

அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் எல்லாப் போர்ட்டுகளின் கூட்டுத்தொகை. 48 வாட் என்றால், ஒன்றில் 30, மற்றதில் 18 என்று இருக்கலாம். சில சார்ஜர்களில் இருப்பதையே எல்லாப் போர்ட்டுகளும் பங்கு போட்டுக்கொள்ளும். மாடித் தொட்டித் தண்ணீர் மாதிரிதான். ஒரு குழாயைத் திறந்தால் சோவென்று கொட்டும், நாலையும் திறந்தால் நூலாக ஒழுகும். 5 வோல்ட்டில் மொத்தமே 3.1 ஆம்பியர் என்றால் 15.5 வாட். நாலு போனுக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 4 வாட்கூடத் தேறாது. வழி காட்டும் மேப் ஓடிக்கொண்டிருக்கும் போனுக்கு வரவும் செலவும் சரியாகிவிடும்!

ஆகவே, அதிக வாட் தரும் போர்ட் பெரியவர்களின் போனுக்கு. குழந்தைகளின் விளையாட்டு காத்திருக்கட்டும். நைந்துபோன பழைய கேபிளை மாற்றுங்கள். வெயில் படும் டாஷ்போர்டில் போனை வைக்காதீர்கள். சூடேறினால் போன் தானே சார்ஜ் ஏறுவதைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜர் பெரிசாக இருந்தால் சின்ன போன் கெட்டுவிடுமோ என்ற பயமும் வேண்டாம். நல்ல சார்ஜரில் போன் தனக்கு வேண்டியதைத்தான் கேட்டு வாங்கும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டத்தில் கை நழுவிப் போன சர்க்கரைக்கார மாமியாரைத் தேடவும், அவருக்கு மயக்கம் வந்தால் 108-ஐ அழைக்கவும் போனில் உயிர் இருக்க வேண்டாமா? நடக்கத் தொடங்குமுன் அவர் போனில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எதற்கும் இருக்கட்டும், உங்கள் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவரது சுருக்குப் பையில் போட்டுவையுங்கள்.