காட்டைப் படிக்காத வனவியல்

மரம் நட்டால் காடு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடு கிடையாது. பொதுமக்கள் அப்படி நம்புவதால் பெரிய தீங்கு ஒன்றுமில்லை. வீதியோரம் நாலு புங்கன் கூடுதலாக நிற்கும், நல்லதுதான். ஆனால் அதே நம்பிக்கை நான்காண்டு வனவியல் பட்டப்படிப்பின் முதுகெலும்பாக நிற்கும்போது, அது நம் மலைகளுக்கும் மலைமக்களுக்கும் கேடு செய்கிறது. மரத்தை அறிந்தவர் காட்டை அறிந்தவர் என்று எண்ணி, மர வளர்ப்பு, மர அளவியல், மர இனவிருத்தி, மரக்கட்டைத் தொழில்நுட்பம் ஆகியவற்றைக் கட்டாயப் பாடங்களின் நடுவில் வைத்திருக்கிறோம். புல்வெளியும் நெருப்பும் காட்டுக்குள் வாழும் மனிதர்களின் உரிமையும் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. கட்டாயப் பாடங்களைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வரிசையைத் தொடக்கூடாது என்பதே முதல் நிபந்தனையாக வருகிறது. நான் தொட வேண்டும் என்கிறேன்.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது? 1864-ல் ஆங்கிலேய அரசு டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரை இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராக நியமித்தபோது, அரசுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ரயில்பாதைக்கான கட்டைகள். 1878-ல் டேராடூனில் வனப்பள்ளி, 1912-ல் கோவையில் மதராஸ் வனக் கல்லூரி. ஒரு காட்டில் எத்தனை கன அடி மரம் நிற்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு வெட்டினால் குறையாது என்று கணக்குப் போடத் தெரிந்த அதிகாரி அன்றைய தேவை. அந்தக் கணக்குக்கு ஏற்பப் பாடங்கள் அமைந்தன. 1980-களின் நடுவில் வனவியல் வேளாண் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டப்படிப்பாக வந்தபோது, மரத்தை நீண்டகாலப் பயிராகப் பார்க்கும் பார்வையும் சேர்ந்துகொண்டது. அன்றைய தேவை போய்விட்டது. 1988-ன் தேசிய வனக்கொள்கையே, காட்டின் முதல் பயன் சூழல் சமநிலை, வருமானம் அதற்குக் கீழே என்று சொல்லிவிட்டது. பாடவரிசை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

இதன் விலை என்ன என்பதைப் பார்க்க மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலிருந்து மலையேறினால் போதும். நீலகிரியின் உயரமான பகுதிகள் இயல்பில் மரக்காடுகள் அல்ல. பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல். மழையைப் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதில் அந்தப் புல்லுக்கும் அதன் அடியிலுள்ள கரிய மண்ணுக்கும் சதுப்புக்கும் பெரும் பங்கு உண்டு. நம் மாநில விலங்கான வரையாடு மேய்வது அந்தப் புல்லில். தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும், அவர்களின் கோயில் கூரைக்கான புல் கிடைப்பதும் அங்கேதான். மரம்தான் காடு என்று கற்ற கண்ணுக்கு அது வெற்றிடமாகத் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கென்று தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக, தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கைப் பட்டுக்கூழுக்கும் என்று சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் மலை மலையாக நட்டார்கள். அந்தக் கட்டைகள் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு இறங்கின. ஆலை பவானியை நாசமாக்கி, கடைசியில் மூடப்பட்டது. மரங்கள் மலையில் தங்கிவிட்டன. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டினால் ஒன்றுக்கு நூறாக முளைக்கும். இன்று அதே வனத்துறை, அந்த மரங்களை அகற்றிப் புல்லைத் திரும்பக் கொண்டுவரப் பணம் செலவழிக்கிறது. அந்த மரங்களை நட்டவர்கள் சோம்பேறிகளோ திருடர்களோ அல்ல. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தவர்கள். என்னைக் கலங்கவைப்பது அதுதான்.

தவறு முடிந்துபோன கதை என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். இந்திய வன ஆய்வு நிறுவனம் காட்டுப் பரப்பைக் கணக்கிடும் முறையைப் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம் 10 சதவீதம் இருந்தால் அது காட்டுப் பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. தைலமரத் தோப்பு உள்ளே வந்துவிடும், பழத்தோட்டம் வந்துவிடும். முக்கூர்த்தியின் வரையாட்டுப் புல்வெளி வராது. சீகையை வெட்டிப் புல்லை மீட்டால், அந்தக் கணக்குப்படி மாநிலம் காட்டை இழந்ததாகிறது! இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 33 சதவீதத்தை எட்ட முயல்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் எங்கே மரம் நடக்கூடாது என்று எழுந்து சொல்லத் தெரிந்த வனவியலாளர் அந்த மேசையில் இருந்தாக வேண்டும். புல்வெளிச் சூழலியலைக் கட்டாயமாகப் படிக்காதவரிடமிருந்து அந்தச் சொல் எப்படி வரும்?

நெருப்பும் அப்படியே. பாடத்தில் அது பகை. தடுப்புக்கோடு போட்டு அணைக்க வேண்டியது. சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், கோடை முற்றுமுன் சருகை மட்டும் மெல்ல எரிக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். வனத்துறை அதைத் தடுத்த பிறகே உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது. ஆய்வாளர்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எல்லா நெருப்பும் நல்லது என்று நான் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காய்ந்த புல்லின் தீ சூழ்ந்ததை மறக்க முடியாது. எந்தத் தீ எந்த மாதத்தில் எதைச் செய்யும் என்பது தனிப் படிப்பு. தீத்தடுப்பு என்ற ஒற்றைத் தலைப்புக்குள் அது அடங்காது.

இனி மனிதர்கள். மரத்தை நடுவில் வைத்த படிப்பில் மலைவாசி ஒருவர் மூன்று வேடங்களில்தான் வர முடியும்: கூலியாள், மூலிகை சொல்பவர், ஆக்கிரமிப்பாளர். 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி நுழைந்தவர்களில் பெரும்பகுதி வனத்துறையினர். ஊரைச் சூறையாடினார்கள்; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தண்டிக்கப்பட்டவர்களில் இந்திய வனப்பணி அதிகாரிகள் நான்கு பேர். பாடத்திட்டம்தான் அதைச் செய்தது என்று சொல்வது அபாண்டம். ஆனால் இந்தத் தீர்ப்பை முழுதாக வாசித்து விவாதிக்காமலே தமிழ்நாட்டில் ஒருவர் வனவியல் பட்டம் வாங்கிவிடலாம் என்பது வெட்கக்கேடு. மருத்துவ மாணவர்களுக்கு நெறிமுறை கட்டாயம் என்றால், சீருடையும் கைது அதிகாரமும் பெறப்போகிறவர்களுக்கு அது ஏன் விருப்பம்?

சட்டமும் அவர்கள் காலடியில் மாறிவிட்டது. கூடலூர்க் காட்டில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கு, நாடு முழுக்கக் காடு என்பதன் வரையறையையே மாற்றியது. 2006-ன் வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைக் காக்கும், மேலாண்மை செய்யும் உரிமையைக் கிராம சபையிடம் தந்தது. 2013-ல் ஒடிசாவின் நியம்கிரியில் 12 கிராம சபைகளும் ஒருசேர மறுத்ததால் சுரங்கம் நின்றது. இனி ஒரு வனச்சரகர் ஊருக்குள் போவது உத்தரவு போட அல்ல, கிராம சபையோடு உட்கார்ந்து பேச. அதற்கான பயிற்சி, வனச்சட்டங்களின் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதில் கிடைக்காது.

இதற்கு வரும் மறுப்புகளில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன்: வேலை. எல்லோருக்கும் வனத்துறையில் இடமில்லை. காகித ஆலையும் ஒட்டுப்பலகை ஆலையும் நாற்றங்காலும்தான் பலருக்குச் சோறு போடுகின்றன. உண்மை. சவுக்கும் மலைவேம்பும் உழவர் நிலத்தில் வளர்ந்தால் காட்டின்மீது சுமை குறையும். ஆலைகள் உழவர்களிடமே மரம் வாங்க வேண்டும் என்று 1988 கொள்கையும் சொல்கிறது. மேட்டுப்பாளையத்தில் அந்தத் துறையில் நடந்திருக்கும் வேலை மதிப்புக்குரியது. அதை யாரும் ஒழிக்கச் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டிலிருந்து அதைத் தனிச் சிறப்புப் பிரிவாக ஆழமாகக் கற்பியுங்கள். தோப்பு வளர்க்கப் போகிறவரும் காட்டைக் காக்கப் போகிறவரும் ஒரே கட்டாயப் பட்டியலைப் படிப்பதால் இருவருக்குமே அரைகுறைதான் மிஞ்சுகிறது.

முதல் இரண்டு ஆண்டுகளின் கட்டாயப் பாடங்களில் மர அளவியலையும் கட்டைத் தொழில்நுட்பத்தையும் சுருக்கி, புல்வெளி, சதுப்பு, தீ ஆகியவற்றின் சூழலியல் முழுப் பாடமாக வர வேண்டும். வன உரிமைச் சட்டமும் வாச்சாத்தி, கோதவர்மன் தீர்ப்புகளும் வாசிப்புப் பாடமாக வேண்டும். இறுதியாண்டுக் களப்பணியில் ஒரு பகுதியை மலைக்கிராமத்தில் கிராம சபையின் ஒப்புதலோடு செய்து, அதன் அறிக்கையை அந்தச் சபையின் முன்பே படித்துக்காட்ட வேண்டும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் டீன்கள் குழு வகுக்கும் பொதுச் சட்டகத்துக்குள்ளேயே இவற்றில் பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் செய்துகொள்ளலாம். அதோடு போட்டித் தேர்வுகளின் வனவியல் தாளும் மாறியாக வேண்டும்; மாணவர்கள் உண்மையில் படிப்பது அந்தத் தாளுக்காகத்தான். பாடத்திட்டக் குழுவில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களோடு தேர்வாணையத்தின் பிரதிநிதியும், சமூக வன உரிமை பெற்ற ஊர் ஒன்றின் கிராம சபை உறுப்பினரும் உட்காரட்டும். அடுத்த திருத்தத்துக்கு முன் அந்த இரண்டு நாற்காலிகளையும் போட வேண்டியது பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு.