ஓசை எழுப்பாத மணியும் திரும்பிச் செல்லும் விருந்தாளியும்



வீட்டு மின்விசிறி நின்றுவிட்டால் அன்று மாலைக்குள் எலக்ட்ரீஷியன் வந்துவிடுகிறார். தண்ணீர் மோட்டார் நின்றால் அவருக்குப் பத்து முறை அலைபேசியில் அழைக்கிறோம். வாசலில் உள்ள அழைப்பு மணி மட்டும் ரஜபில் பழுதானால் ஷவ்வாலிலும் அப்படியே கிடக்கிறது. காரணம் எளிது. மின்விசிறி ஓடாவிட்டால் வியர்ப்பது நமக்கு; மணி ஒலிக்காவிட்டால் வெயிலில் நிற்பது வேறொருவர்.

இதைச் சிறு விஷயம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். பிறர் இல்லங்களில் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்று சூரா அந்நூரின் 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. திரும்பிச் செல்லுமாறு சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும், அதுவே தூய்மையானது என்பது அடுத்த வசனத்தின் கருத்து. வீட்டாருக்கு மறுக்கும் உரிமையையும், வந்தவருக்கு மனக்கசப்பின்றித் திரும்பும் கடமையையும் மார்க்கம் எவ்வளவு நுட்பமாக நிறுத்து வைத்திருக்கிறது! ஆனால் இவ்விரண்டும் ஒன்றை அடித்தளமாகக் கொண்டவை. அழைத்தவரின் அழைப்பு உள்ளே இருப்பவரின் செவியை எட்டியிருக்க வேண்டும்.

அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் மூன்று முறை அனுமதி கேட்டுவிட்டு உமர் (ரலி) அவர்களின் வாசலிலிருந்து திரும்பிய நிகழ்வு நாம் அறிந்ததே. மூன்று முறைக்கு மேல் நிற்கலாகாது என்பதற்கு உமர் (ரலி) சாட்சி கேட்டதையும், அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) சாட்சியம் அளித்ததையும் பயான்களில் விரிவாகச் சொல்கிறோம். புகாரியில் உள்ள ஒரு செய்தியை மட்டும் கடந்து போய்விடுகிறோம். உமர் (ரலி) அன்று அலுவலில் மூழ்கியிருந்தார்கள். ஆயினும் அபூ மூஸாவின் குரல் அவர்கள் காதில் விழுந்திருந்தது. வேலை முடிந்ததும் அவரை உள்ளே அழைக்கச் சொன்னார்கள். நம் வாசலிலோ வந்தவரின் அழைப்பை ஒரு பிளாஸ்டிக் பொத்தான் விழுங்கிவிடுகிறது. மறுப்பும் இல்லை, வரவேற்பும் இல்லை. வந்தவரோ தம்மை மறுத்துவிட்டார்கள் என்றே எண்ணித் திரும்புகிறார்.

பிறரைக் குறை கூறும் முன் நம் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். கடந்த ஆண்டு நம் வீட்டு மணி பழுதாகி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கிடந்தது. நாளை பார்க்கலாம் என்றே நாட்கள் ஓடின. ஒருநாள் அஸருக்குப் பின், மஹல்லாவைச் சேர்ந்த ஒரு விதவைச் சகோதரி வந்திருக்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்தில் 8,000 ரூபாய் குறைந்திருந்தது. மறுநாள் கடைசி நாள். பைத்துல்மாலின் கணக்குப் புத்தகம் அப்போது நம்மிடமே இருந்தது. வட்டியில்லாக் கடனுக்கென ஒதுக்கிய பணமும் கையில் இருந்தது. அவர் வாசலுக்கு நேரே நில்லாமல், நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தபடி பக்கவாட்டில் ஒதுங்கி நின்று மணியை அழுத்தியிருக்கிறார். அதனால் உள்ளிருந்து பார்த்தாலும் அவர் தெரிந்திருக்க மாட்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு திருமண வீட்டில் நம் துணைவியாரிடம் அவர் சொன்னது இதுதான்: "மூணு தடவை அமுக்கினேன் லாத்தா. உள்ளே புள்ளைங்க ஓதுற சத்தம் கேட்டுச்சு. திறக்க மனசில்லை போலன்னு வந்துட்டேன்."

மறுநாள் காலை அவர் வாரத் தவணைக்கு வட்டிப் பணம் வாங்கியிருந்தார். வட்டியின் கேடு குறித்து அந்த ஆண்டில் மட்டும் நாம் எத்தனை பாடங்கள் நடத்தியிருப்போம்!

"மணி இல்லாவிட்டால் கதவைத் தட்டட்டுமே" என்பார்கள். மணி இருக்கும் வீட்டில் எவரும் கதவை இடிக்க நாணுவர். அந்த நாணம் நல்லதே. நபி (ஸல்) அவர்களின் வாசல்கள் விரல் நகங்களால் மெல்லத் தட்டப்பட்டன என்று அனஸ் (ரலி) அறிவிப்பதை இமாம் புகாரி அல்அதபுல் முஃப்ரதில் பதிவு செய்திருக்கிறார். அறைகளுக்கு வெளியே நின்று கூவி அழைத்தவர்களைச் சூரா அல்ஹுஜுராத் கண்டித்திருக்கிறது. "ஒரு போன் செய்யலாமே" என்பது அதைவிட வியப்பான வாதம். உதவி கேட்டு வரும் ஏழையிடம் நம் எண் இருக்கிறதா, இருந்தாலும் நாம் எடுக்கிறோமா? மிஸ்கீன்கள் வந்து தொல்லை தருகிறார்கள் என்று வேண்டுமென்றே மணியைச் செத்ததாக வைத்திருக்கும் வீடுகளையும் நாம் அறிவோம். இல்லை என்று வாய்திறந்து சொல்ல மார்க்கம் இடமளித்திருக்க, இந்த ஊமைத் தந்திரம் எதற்கு?

இடையில் ஒன்று. புதிய மணி வாங்குவோர் சிலர், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஒலிக்கும் மணியைப் பெருமையோடு மாட்டுகிறார்கள். ஸலாம் மனிதர் மனிதருக்குச் செய்யும் துஆ. வந்தவர் வாய்மூடி நிற்க, பெட்டி ஸலாம் சொல்வது என்ன ஸுன்னத்? கேமரா வைத்த மணி மாட்டுவோரும் அது எதிர்வீட்டுப் பெண்கள் நடமாடும் முற்றத்தைப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்பது ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து.

பழுது நீக்குவது பெரும்பாலும் எளிது. பொத்தானுக்குள் இருப்பது ஒரு சிறு உலோகத் தகடு. மழைச் சாரலில் களிம்பு ஏறினால் மின்சாரம் கடக்காது. டிங்டாங் மணியில் கம்பிச்சுருளுக்குள் ஓடும் இரும்புத் தண்டு தூசியில் சிக்கிக்கொள்வதுண்டு. வயரில்லாத மணியில் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். பொத்தானில் ஓடுவது 230 வோல்ட்டாக இருக்கலாம் என்பதால் மெயினை அணைக்காமல் யாரும் திருகாணியைத் தொட வேண்டாம். தெரியாதவர்கள் ஆளை அழைக்கட்டும். தகடு மட்டும் கெட்டிருக்க முழு மணியையும் தூக்கி எறிவது வீண்விரயம். ஆள் வரத் தாமதமானால், "மணி பழுது, கதவைத் தட்டுங்கள்" என்று ஒரு தாளில் எழுதிப் பொத்தானின்மீது ஒட்ட எவ்வளவு நேரமாகும்?

நம் வீட்டில் கெட்டிருந்தது பொத்தான் மட்டுமே. மாற்றுவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அச்சகோதரியின் மீதிக் கடனைப் பைத்துல்மாலிலிருந்து அடைக்க முன்வந்தோம், வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார். கடைசித் தவணை வரை தாமே கட்டி முடித்தார். நம் வாசலுக்கு அவர் இன்னும் வரவில்லை.