விலை கொடுத்து வாங்கிய விடுமுறை

“மே மாசம் பள்ளிக்கூடம் கிடையாது சார். வாத்தியாருங்க வீட்டுல சும்மாதானே இருக்காங்க? அப்பவே முடிச்சுட்டா பிள்ளைங்க படிப்பும் கெடாது.” மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னது இது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். பொது நன்மை என்ற பெயரில் அடுத்தவர் டப்பாவைத் திறந்து சில்லறை எடுக்கிற பழக்கம் நம் நிர்வாகத்துக்கு எப்போதோ படிந்துவிட்டது.

கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் ஒதுக்கி, அதில் 30 நாட்களை மாநிலங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று மத்திய அரசு விட்டிருக்கிறது. நாடு முழுவதும் சுமார் 30 லட்சம் பேர் இறங்க வேண்டிய வேலை. கதவைத் தட்டப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். 2011க்குப் பிறகு எண்ணப்படாத நாடு இது, எண்ணத்தான் வேண்டும். அதில் யாருக்கும் தகராறு இல்லை. என் தகராறு ‘சும்மா’ என்ற அந்த ஒரு சொல்லோடுதான்.

அந்தச் சொல்லுக்கு நீதிமன்றத்தின் முத்திரையே இருக்கிறது. செயின்ட் மேரீஸ் பள்ளி வழக்கில் 2007ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆசிரியர்களைத் தேர்தல் வேலைக்கு அழைப்பதென்றால் விடுமுறை நாட்களிலும் பாடம் நடக்காத நாட்களிலும் அழையுங்கள் என்றது. குழந்தைகளின் வகுப்பைக் காப்பாற்றிய தீர்ப்பு, மெச்ச வேண்டியதுதான். ஆனால், அதற்கான பில்லை ஆசிரியர் பெயரில் எழுதிவிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்விசாரா வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் ஜன்னலைத் திறந்து வைத்தது. அதன் பிறகு எந்த அரசுக்கும் ஆள் தட்டுப்பாடே வந்ததில்லை.

பதின்மூன்று நாள் பிடித்தம்

இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே நண்பர்கள் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். பரவாயில்லை, ஒருமுறை அச்சிலும் இருக்கட்டும்.

தமிழக அரசு அலுவலகத்தில் இருக்கும் நிரந்தர ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. அதே அரசின் பள்ளி ஆசிரியருக்கு 17 நாள். ஏன் குறைவு? கோடை விடுமுறை இருக்கிறதே, அதற்காக. அதாவது, ஒவ்வோர் ஆண்டும் 13 நாட்களைப் பிடித்துக்கொண்டுதான் அரசு ஆசிரியருக்கு மே மாதத்தைத் தருகிறது. இனாமாக அல்ல.

முப்பது ஆண்டு பணியாற்றும் ஆசிரியரிடம் இப்படிப் பிடிக்கப்படுவது 390 நாட்கள். ஓர் ஆண்டுக்கும் மேல். ஓய்வுபெறும்போது 240 நாள் வரையிலான ஈட்டிய விடுப்பைப் பணமாக்கிக்கொள்ளலாம். ஒரு நாள்கூட எடுக்காமல், சரண் செய்யாமல் சேர்த்துவந்தால் அலுவலக ஊழியர் எட்டே ஆண்டுகளில் அந்த உச்சவரம்பைத் தொட்டுவிடுவார். ஆசிரியருக்கு 14 ஆண்டு தாண்டிவிடும். 

“நாற்பது நாளுக்குப் பதிமூன்று நாள் மலிவுதானே?” என்பார்கள். மலிவோ கிராக்கியோ, விலை கொடுத்துவிட்டால் பொருள் வாங்கியவருடையது. டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரிடம் நடத்துநர் வந்து, “சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, கொஞ்சம் டிக்கெட் போட்டுக் கொடுங்க” என்று பையை நீட்டினால் பேருந்தே சிரிக்கும். ஆசிரியரிடம் பையை நீட்டினால் மட்டும் அதற்குப் பெயர் தேசப் பணி.

விடுமுறையில் வேலை வாங்கினால் ஈடாக விடுப்பு தர விதி உண்டே என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்டு. அதை எடுக்கப் போய்த் தலைமையாசிரியர் அறையில் நின்றால் வரும் முதல் கேள்வி, “உங்க வகுப்பை யார் பார்ப்பாங்க?” என்பதுதான்.

யார் தின்றது கோடையை?

கடந்த தேர்தல்களின் வாக்குப்பதிவு நாட்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். 2014 ஏப்ரல் 24. 2016 மே 16. 2019 ஏப்ரல் 18. 2021 ஏப்ரல் 6. 2024 ஏப்ரல் 19. ஐந்தும் வெயில் காலம். அந்தந்த நாளுக்கு முன்னால் இரண்டு மூன்று பயிற்சி வகுப்புகள், முந்தின நாளே பெட்டியோடு போய் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளியில் இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டுப் படுக்கை, கொசுவோடு இரவு, விடிவதற்குள் மாதிரி வாக்குப்பதிவு, எல்லாம் முடிந்து இயந்திரத்தை ஒப்படைக்கும்போது நள்ளிரவு. கைக்குழந்தையோடு போன ஆசிரியைகள் எத்தனை பேர் என்று எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

இது ஐந்தாண்டுக்கு இரண்டு முறை. ஆண்டு தவறாமல் வருவது விடைத்தாள் திருத்தம். எங்கள் பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் ஏப்ரலில் காலை ஏழரைக்கு டிபன் டப்பாவோடு கேம்ப் கிளம்புவார். மாலை திரும்பும்போது வலது கை நடுவிரலில் சிவப்பு மை ஏறியிருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் வாய் ஏதோ முணுமுணுக்கும். “என்னம்மா?” என்று ஒருநாள் கேட்டேன். “அன்னிக்கு ஒரு பேப்பர்ல பதிமூணும் எட்டும் இருபத்தொண்ணுன்னுதான் போட்டேனா, இருபத்திரண்டுன்னு போட்டேனான்னு ஒரு சந்தேகம் அண்ணா” என்றார். கூட்டல் ஒன்று பிசகினால் விளக்கம் கேட்டு மெமோ வரும். பிள்ளை மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தால் இவருடைய பெயர் 17பி ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். மே பாதியிலும் அந்தப் பதிமூணும் எட்டும் அவரை விடவில்லை.

அதற்கு மேல் பயிற்சிகள், எமிஸ் இணையதளப் பதிவுகள், மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போவது. எல்லாவற்றுக்கும் மேலே, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் விழும் ‘மிகவும் அவசரம்’.

இதையெல்லாம் சொன்னால் உடனே கிளம்பும் குரல் எனக்குத் தெரியும். “ஐடி ஊழியருக்கு இரண்டு மாத விடுமுறை உண்டா?” இல்லை. அவர் கேட்கட்டும், கூட நின்று நானும் கேட்கிறேன். எனக்கு இல்லாதது உனக்கெதற்கு என்பது வாதமே அல்ல, வயிற்றெரிச்சல். “எங்கள் வரிப்பணம்” என்பது இரண்டாவது குரல். வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவரின் உறக்கத்துக்கும் வரி கட்டியவர்தான் முதலாளி என்றால், ராணுவ வீரர் ஊருக்கு வரும்போது ஆளுக்கொரு மூட்டை தூக்கச் சொல்ல வேண்டியதுதானே? இவர்களோடு இதற்கு மேல் வாதாட இந்தப் பக்கத்தில் இடமில்லை.

அரசின் இரட்டை நாக்கைப் பார்க்க வேண்டுமானால் பகுதிநேர ஆசிரியர்களைக் கேளுங்கள். 2012ல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று 16,549 பேரை நியமித்த அரசு, மே மாதம் பள்ளி இல்லை, எனவே சம்பளமும் இல்லை என்றது. அந்த ஒரு மாதச் சம்பளத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். பகுதிநேரத்துக்கு மே மாதம் வேலை இல்லாத மாதம்; முழுநேரத்துக்கு மே மாதம் வேலைக்குக் கூப்பிடத் தோதான மாதம். ஒரே காலண்டர், ஒரே துறை! தனியார் பள்ளிகளின் கதையைத் தொடவே வேண்டாம். நோட்டீஸ் கட்டோடு வெயிலில் சேர்க்கைக்கு அலைந்த ஆசிரியைக்கு, எத்தனை பிள்ளையைப் பிடித்தார் என்பதைப் பார்த்து ஜூனில் வேலை உறுதியாகும் பள்ளிகள் எல்லா ஊரிலும் உண்டு.

நீதிபதிக்கு ஒன்று, வாத்தியாருக்கு ஒன்று

உச்ச நீதிமன்றத்துக்கும் கோடை விடுமுறை உண்டு. அதைக் குறை சொல்லிப் பலர் எழுதினார்கள். 2024ல் நீதிமன்றம் தன் விதியைத் திருத்தி, ‘கோடை விடுமுறை’ என்ற பெயரை எடுத்துவிட்டுப் ‘பகுதி வேலை நாட்கள்’ என்று வைத்துக்கொண்டது. நீதிபதிகள் அந்த நாட்களில் தீர்ப்பு எழுதுகிறார்கள், படிக்கிறார்கள், யோசிக்கிறார்கள் என்று சொன்னபோது நாடு தலையாட்டியது. நானும்தான். ஓர் ஆசிரியர் மே மாதத்தில் படிக்கிறார், யோசிக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள், உடனே ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். அடுத்தவர் விடுமுறையில் தேர்தல் நடத்தலாம் என்று சொன்னதும் இதே நீதிமன்றம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கனவு ஆசிரியர் விருது பெற்றவர்களைப் பள்ளிக் கல்வித் துறை 2024ல் பிரான்சுக்கு அழைத்துச் சென்றது. நல்ல காரியம். ஐபில் கோபுரத்தின் முன்னால் எடுத்த படங்கள் வந்தன. அந்த நாட்டுப் பள்ளிகள் ஜூலை, ஆகஸ்ட் என்று முழுசாக இரண்டு மாதம் பூட்டிக்கிடக்கும் செய்தியை மட்டும் யாரும் ஊருக்குக் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

யானையா, காளையா?

சரி, விட்டுவிட்டால் ஆசிரியர்கள் அந்த நாட்களை என்ன செய்வார்கள்? ‘கோடையைப் பயனுள்ளதாக்கப் பத்து வழிகள்’ என்று ஒரு பட்டியல் ஆண்டுதோறும் சுற்றுக்கு வருகிறது. புதிய செயலி கற்றுக்கொள்ளுங்கள், கற்றல் உபகரணம் செய்யுங்கள், அடுத்த ஆண்டுக்குப் பாடத்திட்டம் எழுதுங்கள். விடுமுறைக்கும் வீட்டுப்பாடம்! என் பட்டியல் சின்னது. தூங்குங்கள். பத்து மாதம் கத்திய தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை, நீச்சலோ தவிலோ, யாரிடமாவது மாணவராக உட்கார்ந்து திட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்தும் ஒன்றை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஆசிரியைகளுக்குக் கூடுதலாக ஒன்று: வடகமும் வற்றலும் இந்த ஆண்டு கடையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். மே மாதத்தை அரசு தின்ற மிச்சத்தை அடுப்படி தின்கிறது.

எனக்குத் தெரிந்த சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஏழாம் வகுப்புக்குப் பிற்காலச் சோழர்களை 11 ஆண்டுகளாக நடத்திவந்தார். ஒரு மே மாதம் கும்பகோணத்தில் கல்யாணம். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் பாயைத் தேட, அவர் மட்டும் நகரப் பேருந்து பிடித்துத் தாராசுரம் போனார். இரண்டாம் இராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். 2004ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இந்த இரண்டு வரியும் அவருக்கு மனப்பாடம். அங்கே ஒரு சின்னச் சிற்பம். காளையும் யானையும் எதிரெதிரே நிற்கும். இரண்டுக்கும் தலை ஒன்றுதான். உள்ளங்கையால் ஒரு பக்கம் உடலை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. கையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, வெயிலில் கால் சுடுவதுகூடத் தெரியாமல் நின்றேன் என்றார்.

ஜூனில் அதைக் கரும்பலகையில் கோணல்மாணலாக வரைந்து, டஸ்டரால் ஒரு பக்கத்தை மறைத்திருக்கிறார். கடைசி பெஞ்சிலிருந்து, அதுவரை வாய் திறக்காத ஒரு பையன், “சார், இப்ப யானை! கைய மாத்துங்க, கைய மாத்துங்க!” என்று எழுந்து நின்றுவிட்டானாம். அன்றைக்குப் பாடத்தில் மீதி எதுவும் நடக்கவில்லை, நடக்க வேண்டியும் இருக்கவில்லை என்றார் அவர். அந்த மதியத்தை அவருக்குக் கொடுத்தது எந்தப் பயிற்சிக் கையேடும் அல்ல. யாரும் கூப்பிடாத ஒரு நாள் கொடுத்தது.

எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. மே 1 முதல் 31 வரை ஆசிரியருக்குச் சுற்றறிக்கை இல்லை, பயிற்சி இல்லை, ‘மிகவும் அவசரம்’ இல்லை என்று ஒரு வரியில் அரசாணை போடுங்கள். கணக்கெடுப்புக்கும் தேர்தலுக்கும் வேலை இல்லாப் பட்டதாரிகள் நாட்டில் இல்லையா? மதிப்பூதியத்தோடு அவர்களை அழையுங்கள். ஸ்மார்ட் வகுப்பறையும் புதுப்புதுத் திட்டங்களும் செய்யாததை இந்த ஒரு வரி ஐந்தே ஆண்டுகளில் செய்துவிடும். அரசுப் பள்ளிகளின் தரம் உயர வேறு வழியே கிடையாது.

முடியாது, மே மாதம் எங்களுக்குத்தான் வேண்டும் என்றால் அதுவும் சரி, எடுத்துக்கொள்ளட்டும். பிடித்துவைத்திருக்கும் 13 நாட்களைத் திருப்பித் தந்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். பொருளையும் வைத்துக்கொண்டு காசையும் வைத்துக்கொள்வதற்குக் கோப்புகளில் என்ன பெயரோ எனக்குத் தெரியாது; எங்கள் தெருவில் அதற்கு ஒரே பெயர்தான்.