முதலுக்கே மோசம்



ரங்கூன் நகருக்கு மேற்கே, லைங் ஆற்றுக்கு அப்பால் அமைந்த லைங் தாயாவில் வாழ்வோரிடம் சொந்த ஊர் எதுவென வினவினால், பலர் ரங்கூனைச் சொல்வதில்லை. லபுத்தா என்பர்; போகலே என்பர்; ஐராவதிக் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைச் சொல்வர். நகரின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டோரைக் குடியேற்றுவதற்கெனப் படைத்துறை அரசு 1989-ஆம் ஆண்டில் உருவாக்கிய புறநகர் இது. 2008 மே மாதத் தொடக்கத்தில் நர்கீஸ் புயல் கழிமுகத்தை அழித்த பின்னர், அங்கிருந்து வந்தோரும் இங்கே பெருகினர். அப்புயலில் இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 1,38,000 பேர். எஞ்சியோருள் பலர் தையல் ஆலைகளையும் நாட்கூலியையும் நம்பி ஆறு கடந்தனர்.

இவர்களை ஊரைவிட்டு ஓட்டியது புயல் மட்டுந்தானா? இவ்வினாவே இவ்வாரம் ஒரு பொருளியல் அறிஞரை நமக்கு நினைவூட்டிற்று.

பார்த்தா தாஸ்குப்தா 1942-இல் டாக்காவில் பிறந்தவர். தந்தையார் அமியகுமார் தாஸ்குப்தாவும் பெயர்பெற்ற பொருளியல் பேராசிரியரே. மகனோ டில்லியில் இயற்பியலும், கேம்பிரிட்ஜில் கணிதமும் கற்று, அதன்பின்னரே பொருளியலுக்கு வந்தார். எடுத்துவிட்டால் மீளாத கனிவளங்களைப் பற்றி ஜெஃப்ரி ஹீல் என்பாருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1979-இல் வெளிவந்தது. ஊர்க்குளம், மேய்ச்சல் நிலம், விறகு தரும் காடு ஆகியவையே வறியவரின் சொத்து என்றும், அவை எந்த அரசின் கணக்கிலும் ஏறுவதில்லை என்றும் பல ஆண்டுகள் எழுதிவந்தார். தெற்காசியாவின் இளம் ஆய்வாளர்கள் தத்தம் ஊர்ச் சிக்கல்களையே ஆராய்வதற்கென 1999-இல் காத்மண்டுவில் ஓர் ஆய்வு வலையமைப்புத் தொடங்கியபோது, அதற்குத் துணைநின்றோருள் அவரும் ஒருவர்.

அவர் கூறுவதை நம் செட்டிநாட்டுப் பெரியவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். ஆண்டு முடிவில் ஐந்தொகை போடும் வணிகர் வரவை மட்டும் பார்ப்பதில்லை. முதல் குறைந்ததா என்றும் பார்ப்பார். நாடுகளோ மொத்த உற்பத்தி என்னும் வரவை மட்டுமே கூட்டி மகிழ்கின்றன. காட்டை வெட்டி விற்றால் அது வருமானம். காடு அற்றுப்போனது எப்பக்கத்திலும் பதிவாவதில்லை. விதைநெல்லைக் குற்றி உண்டுவிட்டு விளைச்சல் பெருகிற்று என்பதற்கு ஒப்பானது இது.

பிரித்தானிய நிதி அமைச்சின் வேண்டுகோளின்படி அவர் எழுதிய பேரறிக்கை 2021 பெப்ரவரியில் வெளியாயிற்று. 1992 முதல் 2014 வரை உலகில் தலைக்கு உள்ள எந்திரம், கட்டடம் முதலிய முதல் இரு மடங்காயிற்று. இயற்கை முதலோ ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்கிறது அது. தட்பவெப்பநிலை மாற்றம் குறித்து 2006-இல் நிக்கலஸ் ஸ்டெர்ன் அளித்த அறிக்கையையும் தாஸ்குப்தா விமரிசித்தார். தீங்கின் கடுமையை அவர் மறுக்கவில்லை. வரவிருக்கும் தலைமுறைகளுக்குக் காட்டிய பரிவு, செல்வர்க்கும் வறியவர்க்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வைக் கணிப்பதில் போதிய அளவு இல்லை என்பதே அவர் குறை.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1999-இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலைச் சௌதாமினி தாஸ் என்னும் பொருளியல் ஆய்வாளர் பல நூறு கிராமங்களின் கணக்கைக் கொண்டு ஆராய்ந்தார். ஜெஃப்ரி வின்சென்டுடன் சேர்ந்து 2009-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: கடலுக்கும் ஊருக்கும் இடையே அலையாத்திக் காடு அகன்றிருந்த கிராமங்களில் இறப்புக் குறைவு. முன்னெச்சரிக்கை அதனினும் மிகுதியான உயிர்களைக் காத்தது என்பதையும் அவர்கள் மறைக்காது எழுதினர். அலையாத்தி என்று நம் முன்னோர் இட்ட பெயருக்குக் கணக்கும் சான்று கூறிற்று.

இனி ஐராவதிக்கு வருவோம். 1978-க்கும் 2011-க்கும் இடையே அக்கழிமுகத்தின் அலையாத்திக் காட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. நெல்வயலுக்காகவும் கரிக்காகவும் அது வெட்டப்பட்டது. நெல்லும் கரியும் விலைபோயின. கடலைத் தடுத்த அரண் போனதை எவரும் பற்றெழுதவில்லை. நர்கீஸ் வந்த இரவில் அக்கடன் தண்டப்பட்டது. செலுத்தியவர் கரி விற்றுப் பொருள் சேர்த்தவர் அல்லர், கரையோரக் குடிசைவாசி.

இதில் நமக்கும் பங்குண்டு. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னர், சதுப்பும் காடும் திருத்தப்பட்டு வயலானதற்கு நம் செட்டியார்களின் கடனும் நம் கூலிகளின் உழைப்பும் துணைநின்றன. 1930-களின் இறுதியில் முதன்மையான நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் செட்டியார் வசம் இருந்தது. பின்னர் அந்நிலம் போயிற்று. அக்கதையை நம்மவர் இன்றும் நெஞ்சு குமுறச் சொல்வர். அந்நிலத்துக்கு முன்பு அங்கே நின்ற காட்டைப் பற்றிச் சொன்னவர் மிகச் சிலரே.

இயற்கைக்கு விலை குறிப்பது தகுமா என்று கேட்போரும் உளர். நியாயமான கேள்வியே. விலைக்கு அப்பாற்பட்ட மதிப்பு அதற்கு உண்டென்பதைத் தாஸ்குப்தாவும் ஒப்புகிறார். ஆயினும், கணக்கில் இல்லாத பொருள் இலவசம் என்றே கொள்ளப்படும். இலவசமாய் எடுத்ததன் சுமை எளியவர் தலையில் இறங்கும். 2021-இன் பிற்பகுதியில் லைங் தாயாவின் குடிசைவாசிகள் ஆயிரக்கணக்கில் அகற்றப்பட்டதை நினைவிற் கொள்க. புயலால் ஒருமுறை பெயர்ந்தவர்களும் அதில் அகப்பட்டனர்.

இழந்த வீட்டையும் வயலையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கால், அவ்வூரின் குளத்தையும் காட்டையும் கரையையும் சேர்த்தே சொல்வோம். அவர்கள் போடும் ஐந்தொகையிலாவது முதல் விடுபடாதிருக்கட்டும்.