எக்ஸ்பர்ட் சொன்னார்... வாட்ச் விலை எகிறியது!

எங்கள் பாட்டாவுக்கு இந்த வருஷம் 80 வயது. நாகர்கோவில் போயிருந்தபோது, "பிறந்தநாளுக்கு என்ன வேணும் பாட்டா?" என்று கேட்டேன். "எனக்கு என்னத்துக்கு மக்ளே?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பழைய கதையை ஆரம்பித்தார். ஆசை ஆசையாக வாங்கிய ஹெச்.எம்.டி. பைலட் வாட்ச், திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போன இடத்தில் தொலைந்துபோன கதை. கறுப்பு டயல், தினமும் காலையில் சாவி கொடுக்கணும்.

அன்றைக்கே ஆன்லைன் ஏலத்தில் தேட ஆரம்பித்துவிட்டேன்.

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து, பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது ஹெச்.எம்.டி. அதன் வாட்ச் நிறுவனத்தை மூடுவதாக 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது. அப்போதிருந்தே பழைய பைலட், ஜனதா மாடல்களுக்குத் தனி கிராக்கி.

நான் பார்த்த பைலட், மூன்று நாள்களாக 1,800 ரூபாயிலேயே நின்றது. நான்காவது நாள், நிறைய ஃபாலோயர்கள் உள்ள ஒரு வாட்ச் எக்ஸ்பர்ட் வீடியோ போட்டார். "ஒரிஜினல் டயல், விட்டுடாதீங்க!" அன்று இரவே விலை 6,000. எனக்கும் படபடப்பு. கடைசி நிமிடத்தில் 6,200-க்கு எடுத்துவிட்டேன்.

வாட்ச் வந்ததும் வடசேரியில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் லென்ஸைக் கண்ணில் மாட்டி, பின்மூடியைத் திறந்தார். "மெஷின் ஹெச்.எம்.டி.தான் தம்பி. டயல் புதுசா பெயின்ட் அடிச்சது. முள்ளு வேற வாட்சுல உள்ளது."

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். எக்ஸ்பர்ட் அந்த வாட்ச்சைக் கையில் எடுக்கவே இல்லை. விற்றவர் போட்டிருந்த அதே நாலு போட்டோக்களைத்தான் காட்டியிருந்தார்!

ஏலத்தில் விலை ஏற ஆயிரம் பேர் வேண்டாம். விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் போதும். போனில் பார்க்கிற நம்மால் மூடியைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் தெரிந்தவர் சொல்லும் ஒரு வார்த்தை, அந்த இரண்டு பேருக்கும் தைரியம் கொடுத்துவிடுகிறது.

நம்மைப் போன்றவர்கள்தான் ஏமாறுகிறோம் என்று நினைக்காதீர்கள். 2021 நவம்பரில் பிலிப்ஸ் நிறுவனம் ஜெனீவாவில் நடத்திய ஏலத்தில், 1957-ம் வருஷத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. நம் பணத்தில் சுமார் 25 கோடி. எதிர்பார்த்த விலையோ அதிகபட்சம் 1,20,000 ஃபிராங்க்தான். வாங்கியது யார் தெரியுமா? ஒமேகாவின் சொந்த மியூசியம்! 2023-ல்தான் குட்டு உடைந்தது. அது பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கியது என்று ஒமேகாவே அறிவித்தது. 'அபூர்வமானது, வாங்கியே ஆகணும்' என்று நிர்வாகத்திடம் சொன்னது மியூசியத்தின் முன்னாள் தலைவர் என்றும், முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் தொடர்பு என்றும் சொன்னது.

அதற்காக எல்லா நிபுணர்களும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. ரோலெக்ஸ் டேடோனாவில் ஒருவகை டயல், கடைகளில் விலைபோகாமல் கிடந்தது. பின்னாளில் வாட்ச் சேகரிப்பாளர்கள் அதன் அருமையைச் சொல்லிச் சொல்லியே மவுசு கூடியது. ஹாலிவுட் நடிகர் பால் நியூமேன் கட்டியிருந்த அந்த வகை வாட்ச், 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போனது.

ஆக, யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அவர் வாட்ச்சைக் கையில் எடுத்துப் பார்த்தாரா? பின்மூடியைத் திறந்து மெஷினை போட்டோ எடுத்திருக்கிறார்களா? அது விற்றால் அவருக்கு ஏதாவது கிடைக்குமா? பதில் வரவில்லையென்றால், ஏலம் தொடங்கும் முன்பே உங்கள் அதிகபட்சத் தொகையை ஒரு பேப்பரில் எழுதிவையுங்கள். கடைசி நிமிடத்தில் அதை மாற்றாதீர்கள். நான் எழுதிவைக்கவில்லை. அதற்கான ஃபீஸ்தான் அந்த 4,400 ரூபாய்.

பாட்டாவிடம் உண்மையைச் சொல்லித்தான் கொடுத்தேன். காதோரம் வைத்துக் கேட்டார். "ஓடுதுல்லா?" என்றார். இப்போது தினமும் காலையில் காபி குடித்ததும் அதற்குச் சாவி கொடுக்கிறார். விலையை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை!