எல்லையில் காத்திருக்கும் கோதுமை குலைநோய்: ஒற்றை மரபணு அரண் போதுமா?

கொல்கத்தா: வங்கதேசத்தில் 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமைப் பயிரைத் தாக்கிய குலைநோய், ஆசியாவுக்கே புதியது. மறு ஆண்டு மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் அதன் அறிகுறிகள் தென்பட்டதும், மாநில அரசு வயல்களைத் தீயிட்டு அழித்தது. பின்னர் அவ்விரு மாவட்டங்களிலும் எல்லையை ஒட்டிய பகுதிகளிலும் கோதுமை சாகுபடிக்கே தடை விதித்தது. விவசாயிகளுக்கு இது கசப்பான முடிவு. எனினும் வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

காரணம், இந்நோய் தாக்கும் முறை. மேக்னபோர்தே ஒரைசே என்ற பூஞ்சையின் ஒரு பிரிவே இதற்குக் காரணி. தமிழக விவசாயிகள் நன்கறிந்த நெல் குலைநோயின் நெருங்கிய உறவு அது. வித்து பயிரின் மீது ஒட்டி முளைத்ததும் கருநிறக் குமிழ் போன்ற உறுப்பை உருவாக்கி, அதனுள் பெருகும் அழுத்தத்தால் திசுவைத் துளைத்து உட்புகுகிறது. கதிர்க்காம்பு தாக்கப்பட்டால் அதற்கு மேல் நீரும் சத்தும் செல்வதில்லை. பச்சை வயல் சில நாள்களில் வெளுத்துவிடும். மணிகள் சுருங்கிப் பதராகும். கதிர் வெளிவந்தபின் மருந்து தெளிப்பதால் பெரும் பலன் கிடைப்பதில்லை. விதை வழியாகவும் பரவுவதால் எல்லை வேலியால் மட்டும் தடுத்துவிட முடியாது.

1985-இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதன்முதலில் கண்டறியப்பட்ட இந்நோய், வங்கதேசத்துக்குத் தென் அமெரிக்காவிலிருந்தே வந்தது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டின.

எதிர்ப்பு ரகங்களே நிலையான தீர்வு. ஏஜிலோப்ஸ் வென்ட்ரிகோசா என்ற காட்டுப்புல்லிலிருந்து கோதுமைக்கு மாற்றப்பட்ட '2என்எஸ்' என்ற குரோமோசோம் துண்டு இதில் முதன்மையானது. வங்கதேசம் 2017-இல் வெளியிட்ட பாரி கோம் 33 ரகம் இதைக் கொண்டது. இந்திய ரகங்களும் வங்கதேசத்தின் ஜெஷோரிலும் பொலிவியாவிலும் சோதிக்கப்பட்டன. கர்னாலில் உள்ள கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனத்தின் டிபிடபிள்யூ 187 (கரண் வந்தனா) உள்ளிட்டவை கிழக்கு மாநிலங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டன.

ஆனால் இந்த ஒரே துண்டை பெரிதும் நம்பியிருப்பது ஆபத்தானது. அதன் தடுப்பை ஓரளவு மீறும் பூஞ்சை வகைகள் தென் அமெரிக்காவில் ஏற்கெனவே தோன்றிவிட்டன. அத்தகைய வகை இங்கு வந்தால், மேற்கு வங்கத்தின் சிறிய கோதுமைப் பரப்பைவிட, அதை அடுத்துள்ள பிகாரும் உத்தரப் பிரதேசமுமே பெரிய கவலை. பூஞ்சையின் விலையை வங்கம் முன்பே கண்டது: 1942-இல் நெல்லைத் தாக்கிய செம்புள்ளி நோய், அடுத்த ஆண்டின் கொடும் பஞ்சத்துக்கான காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. ஆர்எம்ஜி8 போன்ற பிற எதிர்ப்பு மரபணுக்களையும் ரகங்களில் சேர்க்கும் பணியை, நோய் அடங்கியிருக்கும் இந்த ஆண்டுகளிலேயே விரைவுபடுத்த வேண்டும்.