கத்தரிச் செடிக்கு நாம் அடிப்பது மருந்து இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் நாலு கத்தரிச் செடி வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். கோபம் வந்தால் கமெண்டில் திட்டுங்கள், பதில் சொல்கிறேன்.

நெமிலியில் வாத்தியார் என்றால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். "சார், கத்தரி இலையெல்லாம் சல்லடை மாதிரி ஆயிடுச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். எந்தப் பூச்சி என்று திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. இலையைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் உரக்கடைக்காரர் கொடுத்த பாட்டில் மட்டும் கையில் இருக்கும்.

இலையைச் சல்லடையாக்குவது பெரும்பாலும் எபிலாக்னா என்கிற புள்ளி வண்டு. மங்கிய செம்பழுப்பு நிறம், முதுகில் 12 அல்லது 28 கறுப்புப் புள்ளிகள், மெல்லிய ரோமம். இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக நிறுத்தி வைக்கும். அதிலிருந்து வரும் மஞ்சள் புழுவின் உடம்பெல்லாம் முள். வண்டும் புழுவும் பச்சையத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை மட்டும் விட்டுவைக்கும்.

இதே குடும்பத்தில் பளபளவென்று வழுவழுப்பாக இருக்கும் பொறிவண்டுகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இலையைத் தொடாது. அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்று நமக்குக் கூலி இல்லாமல் வேலை செய்யும். பாட்டிலில் இருக்கும் விஷத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டையும் கொல்லும். அடுத்த மாதம் அசுவினி மொய்க்கும். மறுபடி கடைக்குப் போவோம். இதில் லாபம் யாருக்கு?

நம் பேச்சு வழக்கைக் கவனியுங்கள். பூச்சிக்கு அடித்தால் 'மருந்து'. அதையே ஒருவன் குடித்துவிட்டால் "மருந்து குடிச்சிட்டான்" என்று அழுகிறோம். ஆளைக் கொல்வதற்கு மருந்து என்று பேர் வைத்தவர்கள் நாம்தான். பேரை மாற்றினாலே பாதிப் புத்தி வரும்.

மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிருக்கு அடிக்கக்கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டது. திம்மெட் என்று நாம் சொல்லும் போரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31-உடன் நாடு முழுக்கத் தடை. இதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? 2013 ஜூலை 16 அன்று பீகாரில் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். சத்துணவுக் கூடம் உள்ள பள்ளியில் வேலை பார்த்த யாராலும் அந்தச் செய்தியை மறக்க முடியாது. நம் வீடுகளில் மீந்த விஷத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஜன்னல் மேல் வைக்கிறோமே, அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாம் தோல் பதனிடும் மாவட்டத்துக்காரர்கள். பாலாறு கெட்டது, கிணறு கெட்டது என்று நாற்பது வருஷமாகப் பேசுகிறோம். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவன்தான் ஈடு கட்ட வேண்டும். கெடுதல் முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. நாட்டுக்கே அந்த நியாயத்தை வாங்கிக் கொடுத்த மண் இது. தொழிற்சாலைக்காரனைக் கேட்கிற கேள்வியை நம் கொல்லைப்புறத்தில் நம்மையே கேட்க வேண்டாமா?

சரி, என்ன செய்வது?

முதல் வேலை கைவேலை. விடியற்காலையில் வண்டு மந்தமாக இருக்கும். செடிக்குக் கீழே சோப்புத் தண்ணீர் உள்ள அகலமான பாத்திரத்தைப் பிடித்து உலுக்குங்கள், விழுந்துவிடும். முட்டை உள்ள இலையைக் கிள்ளி அதே தண்ணீரில் போடுங்கள். பத்துச் செடிக்குப் பத்து நிமிஷம். இரண்டு நாளைக்கு ஒரு முறை செய்தால் போதும்.

இரண்டாவது, வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, சாயங்காலம் இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். அடித்தவுடன் வண்டு செத்து விழாது. தின்பதை நிறுத்தும், புழு வளராது. பொறுமை வேண்டும்.

மூன்றாவது, இலையில் ஒட்டியபடி பழுப்பாகி விறைத்துப்போன புழுக்களைத் தொடாதீர்கள். அதற்குள் பீடியோபியஸ் என்ற சின்னக் குளவி வளரலாம். நம் நாட்டிலிருந்து இந்தக் குளவியை அமெரிக்கா கொண்டுபோய் அங்கே பீன்ஸ் வண்டுக்கு எதிராக விட்டார்கள். அவர்கள் விமானத்தில் ஏற்றியதை நாம் விஷம் அடித்துக் கொல்கிறோம்!

யூடியூப் வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. 1916-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கண்டுபிடிக்கப்பட்ட ஜப்பான் வண்டுக்கு அங்கே சொல்லும் வைத்தியத்தை அப்படியே தமிழாக்கி நமக்குப் போடாதீர்கள். அது வேறு வண்டு. அங்கேயே வாசனைப் பொறி வைத்த தோட்டத்துக்கு, பிடிபடுவதைவிட அதிக வண்டுகள் வந்து சேர்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. 'இயற்கை' என்று பேர் வைத்துப் புகையிலைக் கஷாயம் காய்ச்சச் சொல்பவர்களும் கேளுங்கள். நிகோடினும் விஷம்தான். செடியிலிருந்து வந்ததாலேயே அது சாது ஆகிவிடாது.

"ஏக்கர் கணக்கில் போட்டவன் உலுக்கிக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடன் வாங்கிப் பயிர் வைத்தவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவருக்கு வழி காட்ட வேண்டியது வேளாண் துறை. நான் பேசுவது பேரப்பிள்ளைக்கு நல்ல காய் கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் செடி வைத்து, அதிலேயே விஷம் தெளிப்பவர்களிடம். அதற்குச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாமே, ஏன் இந்தப் பாடு?

நம் வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலவம்பாடிக் காயின் ருசி நமக்கெல்லாம் பெருமை. அந்த ருசியில் விஷம் கலக்க வேண்டாம். நாளைக் காலையில் கடைக்குப் போகும் முன் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் என்ன இருக்கிறது என்று படம் எடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.